ரேடியோ நெல்லும் கல்வி டிவியும்

ஆன்லைன் பாடம் என்றாலே கொரோனா என்றுதான் எங்கள் வகுப்பில் பேச்சு. ஏதோ 2020ல் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தபோது பள்ளிக்கூடம் செல்போனுக்குள் புகுந்துவிட்ட மாதிரி. உண்மையில், பாடத்தைத் தூரத்திலிருந்து அனுப்புவதும், அதை வகுப்பறையோடு சேர்த்து ஓட்டப் பார்ப்பதும் நம் ஊரில் தொண்ணூறு வருடப் பழக்கம். பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கணக்கு பின்னால் வருகிறது :-)

கதை சென்னையில் தொடங்குகிறது. 1924ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பை ஆரம்பித்தது. 1927ல் காசில்லாமல் நின்றுபோனது. அவர்களுடைய டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குக் கை மாறி, 1930ல் மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கியது. அதில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இசைப் பாடமும் கதைகளும் வந்தன. அகில இந்திய வானொலியே அப்போது பிறக்கவில்லை. அதன் சென்னை நிலையம் 1938ல் வந்தது, நம் திருச்சி நிலையம் 1939 மே 16ல்.

பள்ளிகளுக்கான ஒலிபரப்பில் ஒரு சிக்கல் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ரேடியோ தன் நேரத்துக்குப் பேசும், பள்ளிக்கூடம் தன் மணிக்கு ஓடும். இரண்டும் ஒத்துப்போனாலும், வாத்தியார் முன்கூட்டியே "இன்றைக்கு இதைப் பற்றிச் சொல்லப்போகிறார்கள், இதைக் கவனியுங்கள்" என்று சொல்லி, முடிந்ததும் நாலு கேள்வி கேட்டால்தான் அது பாடம். இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு அரை மணி நேர ஓய்வு, வாத்தியாருக்கும்தான்.

பள்ளிக்கூடத்தை விட்டுக் கொஞ்சம் வயலுக்குப் போகிறேன், காரணம் இருக்கிறது. முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்து அனுப்பிவிட்டு, கல்லணை தாண்டிக் காவிரி பாயும் தஞ்சாவூர்ச் சீமையில், 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் குறுவைக்கு வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னதில் விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். ரேடியோவின் சக்திக்கு உதாரணமாக இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ரேடியோ சொன்னதை மட்டும் கேட்டு எந்த விவசாயியும் விதை நெல்லை மாற்றிவிட மாட்டார். அதே காலத்தில் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்தில் இருந்தது. விதை, உரம், கடன் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். வேளாண்மைத் துறை ஆட்களும் கிராம சேவக்குகளும் வரப்பில் வந்து நின்றார்கள். காலையில் வயலில் ஆள் சொன்னது, சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவில் மறுபடி வந்தது. நெல்லுக்குப் பேர் மட்டும் ரேடியோவுக்குப் போய்விட்டது, வரப்பில் நின்றவருக்குப் போகவில்லை!

அடுத்தது செயற்கைக்கோள். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவிடமிருந்து ஒரு வருடத்துக்கு இரவல் வாங்கிய ஏ.டி.எஸ். 6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி பாடம் போனது. 'சைட்' என்று அதற்குப் பேர். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஊருக்குப் பொதுவாக. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் இருந்தன. தமிழ்நாடு அதில் இல்லை. இதில் எனக்குப் பிடித்தது பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியைவிட, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த அறிவியல் பயிற்சி. டிவி பார்ப்பார்கள், ரேடியோ கேட்பார்கள், அச்சடித்த கையேடு இருக்கும், கூடவே ஒருவர் நின்று பரிசோதனைகளைச் செய்ய வைப்பார். இப்படிப் பல்லாயிரம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இன்றைக்கு 'பிளெண்டட்' என்று கோட் சூட் போட்டுச் சொல்வது இதைத்தான். ஒரு வருடம் முடிந்ததும் அமெரிக்கா செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டது.

மெக்சிகோவில் இது வேறு மாதிரி வேரூன்றியது. அங்கே 1968ல் 'டெலிசெகுண்டாரியா' தொடங்கினார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி வாத்தியாரைக் கிராமத்துக்கு அனுப்ப முடியாது. அதனால் வகுப்புக்கு ஒரே ஒரு வாத்தியார், எல்லாப் பாடத்துக்கும் அவரே. டிவியில் கொஞ்ச நேரம் பாடம், மீதி நேரம் அவரோடு புத்தகமும் பயிற்சியும். டிவி வாங்கியதோடு நிற்காமல், அந்த ஒரு வாத்தியாரின் சம்பளத்தையும் திட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் அது ஓடுகிறது.

சொன்னபடி இப்போது கணக்கு. ஒரு பாடத்தைப் படம் பிடிக்க ஆகும் செலவு பிக்சட் காஸ்ட். பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அதே தொகைதான், தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் காசு கணக்கில் வரும். பிள்ளை பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைப்பது வேரியபிள் காஸ்ட். பிள்ளைகள் கூடக் கூட ஏறும், மாதா மாதம் வரும். எந்த அரசுக்கும் முதல் வகைதான் இனிக்கும். ரிப்பன் வெட்டலாம், ஒரே பட்ஜெட்டில் முடிந்துவிடும். இரண்டாவதற்கு விழாவே கிடையாது, சம்பளப் பட்டியல்தான்.

தமிழ்நாடும் முதல் வகையில் நன்றாகவே முன்னேறியிருந்தது. 2011லிருந்து இலவச லேப்டாப். 2018ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூ.ஆர். கோடு. 2019 ஆகஸ்ட் 26ல் கல்வி டிவி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஸ்டூடியோ, அரசு கேபிளில் 200ஆம் எண். இதெல்லாம் பள்ளிக்கூடம் நடக்கும்போது கூடுதலாக உதவ வந்தவை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் கூடுதலாக வந்ததே முழுசாகிவிட்டது.

2020 ஜூலையில் கல்வி டிவியில் வகுப்புவாரியாக அட்டவணை போட்டுப் பாடம் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் லேப்டாப்பைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வீடியோப் பாடங்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நல்ல யோசனை, நெட் இல்லாத வீட்டுக்கும் பாடம் போனது. தனியார் பள்ளிகளில் நேரடியாகச் செல்போனில் வகுப்பு. முக்கொம்பு, ஜீயபுரம் பக்கத்து வீடுகளில் போன் ஒன்றுதான் இருக்கும், அது காலையில் அப்பாவோடு வாழைத்தோப்புக்குப் போய்விடும். டிவியில் ஐந்தாம் வகுப்புப் பாடம் வரும் நேரத்தில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஆற்றங்கரையில் இருப்பான். அவனைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டிய அம்மா நடவில் இருப்பார். நான் அந்த வருடம் பத்தாம் வகுப்பு. 2021 பிப்ரவரியில் 9, 10, 11 வகுப்புகளுக்கு ஆல் பாஸ் அறிவித்தார்கள், அதில் நானும் பாஸ். எங்களுக்காவது எழுதப் படிக்க ஏற்கனவே தெரியும். 2020ல் ஒன்றாம் வகுப்பில் பேர் பதிந்த பிள்ளை, 2021 நவம்பர் 1ல்தான் முதல் முறையாக வகுப்பறையில் உட்கார்ந்தது. அதுவும் இரண்டாம் வகுப்பு மாணவனாக. அ, ஆவைக் கையைப் பிடித்து எழுத வைக்கிற டிவி இன்னும் வரவில்லையே.

இடையில் கொஞ்ச நாள் பாதிக்குப் பாதி முறையும் நடந்தது. 2021 செப்டம்பர் 1ல் 9 முதல் 12 வரை திறந்தபோது வகுப்புக்கு 20 பேர், சுழற்சி முறை. வராத நாளில் வீட்டில் பாடம். எவ்வளவு இங்கே, எவ்வளவு அங்கே என்பது காகிதத்தில் சுலபம். எங்கள் ஊர் மேலணையே இதற்குச் சாட்சி. காவிரித் தண்ணீரெல்லாம் தாழ்வான கொள்ளிடத்தில் இறங்குகிறது என்று ஆர்தர் காட்டன் 1830களில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினார். கட்டியபின் காவிரிப் பக்கம் வரத்து அளவுக்கு மீறிப் போய், 1840களில் காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. தண்ணீருக்கே இந்தப் பாடு. சுழற்சி முறையில் எந்தப் பிள்ளைக்கு எது போய்ச் சேர்ந்தது என்று பார்த்துத் திருத்துவதற்கு அவகாசமே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தத் தொண்ணூறு வருடக் கதையில் வித்தியாசமானது. 2021 அக்டோபர் 27ல் விழுப்புரம் மாவட்டத்தில் முதல்வர் ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிவைத்தார். முதலில் 12 மாவட்டங்கள், திருச்சியும் அதில் ஒன்று. 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒன்றரை மணி நேரம், அதே தெருவில், திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ. சொல்லிக்கொடுப்பது அந்த ஊர்த் தன்னார்வலர். பன்னிரண்டாவது முடித்தவர், பட்டப்படிப்பு முடித்தவர், பெரும்பாலும் பெண்கள். பதிவு செய்வது இணையத்தில், வருகைப் பதிவு செல்போன் ஆப்பில், பாடம் மட்டும் நேரில். புதிய கல்விக் கொள்கை பின்வாசலில் நுழைகிறது என்று எதிர்ப்பும் எழுந்தது. ஆசிரியர் நியமனத்தைத் தவிர்க்க இது சாக்காகிவிடும் என்ற பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். ஒருவருக்கு 20 பிள்ளைகள் என்று வைத்தால் பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். அரசுக்கு இதைவிட மலிவான வேரியபிள் காஸ்ட் கிடைக்காது. அந்த அக்காவின் பக்கத்திலிருந்து பாருங்கள். மாதம் 26 நாள், தினம் ஒன்றரை மணி நேரம், மொத்தம் 39 மணி. மணிக்கு 25 ரூபாய் சொச்சம். கல்விக்குத் தொண்டு என்று சொல்லிவிட்டால் கூலியைப் பற்றிப் பேச்சே வராது, அதுவும் பெண்கள் செய்தால்.

பலன் இருந்ததா? அளந்து பார்த்திருக்கிறார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 சிறுவர்களைச் சோதித்து, 2019ல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். 2021 டிசம்பரில் கணக்கில் பெரிய சரிவு, தமிழில் அதில் ஏறக்குறையப் பாதி. தமிழ் வீட்டிலும் தெருவிலும் காதில் விழும், வகுத்தல் கணக்கு விழாது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் சரிவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் என்று கணக்கிட்டார்கள். மீதியில் பெரும்பங்கு எதனால் என்று நினைக்கிறீர்கள்? பள்ளிக்கூடம் திறந்ததால். வாத்தியார், கரும்பலகை, பக்கத்தில் உட்காரும் பையன், அவ்வளவுதான்.

2024ல் அடுத்த சுற்று ஆரம்பமானது. அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், சுமார் 455 கோடி ரூபாய். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80,000 கையடக்கக் கணினிகள். இந்த முறை கருவியைப் பிள்ளை கையில் கொடுக்காமல் ஆசிரியர் கையில் கொடுத்தது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். மூன்றாம் வகுப்புக்குத் திரையைப் போட்டுவிட்டு டீச்சர் இரண்டாம் வகுப்பு நோட்டைத் திருத்தப் போவார். திரை ஓடிக்கொண்டிருக்கும் அந்த இருபது நிமிடம் மூன்றாம் வகுப்பின் பக்கத்தில் உட்கார ஒரு ஆளுக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று அந்த 455 கோடிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரியும் எழுதியிருக்கலாம்.