தோட்டப் பள்ளியில் யார் பேசினார்கள்?

வகுப்பறைப் பேச்சு என்று கேள்வி வந்தால், தேர்வுக்குப் படிப்பவர்கள் சிங்கிளேர், கூல்தார்டு இருவரின் பெயரையும் எழுதிவிடுவார்கள். ஆசிரியர் கேட்பார், மாணவர் பதில் சொல்வார், ஆசிரியர் 'சரி' என்பார். இந்த மூன்று படிகளை அவர்கள் 1975இல் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் நம்ம மலாக்காத் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் அந்த மூன்று படிகூட முழுசாக நடக்க வழியிருக்கவில்லை.

1896 வாக்கில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு தோட்டங்கள் பெருகின. லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்கணும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். வைத்தார்கள். பெரும்பாலும் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. சில தோட்டங்களில் கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோதான் வாத்தியார்.

ஒரே ஆள் இத்தனை வகுப்பையும் எப்படிச் சமாளிப்பது? சின்னப் பிள்ளைகள் கூட்டமாக அரிச்சுவடி சொல்லும். பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பான். இது ஊரிலிருந்து வந்த திண்ணைப் பள்ளி வழக்கம். (மாணவனே மாணவனுக்குச் சொல்லித்தரும் முறையைச் சென்னை எழும்பூரில் நடத்திப் பார்த்த ஆண்ட்ரூ பெல், 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டு இங்கிலாந்தில் பரப்பினார். 'மதராஸ் முறை' என்றே அதற்குப் பேர்.)

கூட்டாகச் சொல்வதை நான் குறை சொல்லமாட்டேன். ல, ள, ழ நாக்கில் உட்கார அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் பிள்ளை சொந்தமாகச் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு இடமில்லை. வாத்தியார் சொல்வதைத் திருப்பிச் சொன்னால் போதும்.

1956 ரசாக் அறிக்கைக்கும் 1957 கல்விச் சட்டத்துக்கும் பிறகு பொதுப் பாடத்திட்டமும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வந்தார்கள். 1983இல் வந்த கேபிஎஸ்ஆர் கேட்டலையும் பேச்சையும் தனித் திறன்களாக்கியது. 2011இல் தொடங்கிய கேஎஸ்எஸ்ஆரும் அதைத் தொடர்ந்தது. தாளில் எல்லாம் மாறியது. வாய்ப்பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. இன்று சின்னப் பள்ளிகளில் வகுப்புக்கு எட்டுப் பேர்தான் இருப்பார்கள். அங்கேயும் "எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" என்கிறோம்.

தங்கா பத்துப் பக்கம் இப்போது பால்மரத்தைவிட ஆலை வேலைதான் பேச்சு. ஒரு பிள்ளை, "டீச்சர், அப்பா நைட் ஷிப்டுக்குப் போயிருச்சு" என்கிறது என்று வையுங்கள். "போயிருச்சு இல்ல, போனார்னு சொல்லணும்" என்று உடனே திருத்தினால் பிள்ளை "போனார்" என்று சொல்லி உட்கார்ந்துவிடும். மூன்று படியும் முடிந்தது, பாடமும் முடிந்தது. "அப்படியா, அப்பா எத்தனை மணிக்குப் போனார்? வீட்டுல யார் இருந்தீங்க?" என்று கேட்டால், திருத்தமும் காதில் விழுகிறது, பிள்ளை மேலும் நாலு வாக்கியம் பேசுகிறது. கட்டுரைத் தாளில் அது எழுதப்போவது அந்த நாலு வாக்கியத்தைத்தான்.

கேட்டதும் பதில் வராவிட்டால்? அமெரிக்க வகுப்பறைகளைக் கவனித்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் பதிலுக்குச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1974இல் எழுதினார். அதை மூன்று விநாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நாளைக்கு வகுப்பில் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது விநாடி ரொம்ப நீளமாக இருக்கும்.