சீனத் தீயும் கரிவலத் தீயும்: பூதத்தால் ஆளை அளப்பது குறித்து

மேலநீலிதநல்லூரைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் ஐம்பூதம் என்பது வெறும் ஏட்டுச் சொல் அன்று. சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் தீ, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம் என ஐந்து பூதங்களும் ஐந்து சிவத்தலங்களாக இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. சிவராத்திரியன்று ஐந்தையும் ஒரே நாளில் கும்பிட்டு வருவோர் உண்டு. மண் தலமான சங்கரன்கோவிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் இடுகிறார்கள். நோய்க்கு மருந்தாகவும் கொள்கிறார்கள். தீத்தலத்தின் இறைவனுக்கோ பால்வண்ணநாதர் என்று பெயர். தீக்குரிய தலத்தில் பாலின் நிறம்கொண்ட இறைவன் இருப்பது, தீ என்றாலே சிவப்பும் சினமும்தான் என்று எண்ணிப் பழகியவர்களைச் சற்று நின்று யோசிக்க வைக்க வேண்டும்.

இந்த நிலத்துக்குள் கடந்த சில பத்தாண்டுகளில் இன்னொரு ஐந்தும் வந்து சேர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் பரவிய அக்குபங்சர் மருத்துவத்தின் வழியாக மரம், தீ, மண், உலோகம், நீர் என்னும் சீன ஐந்து நமக்கு அறிமுகமாயின. தமிழில் இதைக் கற்பிப்போர் பலர் அவற்றைப் பஞ்சபூதம் என்றே சொல்கிறார்கள். தீ, மண், நீர் மூன்றும் இரு பட்டியலிலும் இருப்பதால் அவை நேருக்கு நேர் பொருந்திவிட்டன. எஞ்சிய உலோகத்தின் இடத்தில், அது நுரையீரலுக்கு உரியது என்பதால், காற்று வைக்கப்பட்டது. மரத்துக்கு மிஞ்சியது ஆகாயம். இந்தப் பொருத்தத்தின் மேல்தான் ஆளுமைக் கணிப்பும் நடக்கிறது. முன்கோபமும் சூட்டு உடம்பும் கொண்டவர் ‘நெருப்பு ஆள்’ ஆகிறார்; சித்த மருத்துவம் சொல்லும் பித்த உடம்பும் சீனர் சொல்லும் தீயாளரும் ஒருவரே என்ற முடிவு தானாக வந்துவிடுகிறது. இந்த முடிவு தவறு என்பதே என் வாதம். மரமும் உலோகமும் பொருந்தவில்லை என்பதை எவரும் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். எல்லாரும் பொருந்துவதாக நம்பும் தீயே பொருந்தவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சீனத் தீயாளரைப் பற்றிய மூல விவரிப்பு ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்னும் மருத்துவப் பெருநூலின் ‘லிங்ஷு’ பகுதியில், 64ஆம் இயலில் உள்ளது. அந்த இயல் மனிதரை முதலில் ஐந்தாகவும், ஒவ்வொன்றையும் மீண்டும் ஐந்தாகவும் பிரித்து இருபத்தைந்து வகையினரைக் காட்டுகிறது. அதில் வரும் தீயாளர் செந்நிறத்தவர். முகம் கூர்மையானது, தலை சிறியது, கைகால்களும் சிறியவை. தோளும் முதுகும் திரண்டிருக்கும். நடையில் தோள் அசையும். அவர் பொருளைப் பெரிதாக எண்ணாதவர், எதையும் தெளிவாகக் காண்பவர், அழகை விரும்புபவர். அதே வேளையில் அவசரக்காரர், கவலை மிகுந்தவர், பிறரிடம் நம்பிக்கை குறைந்தவர். அவருக்கு ஆயுள் நீளாது என்றும் சாவு திடீரென்று வரும் என்றும் நூல் கூசாமல் சொல்கிறது. இன்றைய குணக் கணிப்புப் புத்தகங்கள் தீயாளரைத் தலைவர், கவர்ச்சியாளர், உற்சாகி என்று மெச்சிவிட்டு இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகின்றன. அதை விட்டுவிட்டால் அந்த இயல் எதற்காக எழுதப்பட்டது என்பதே மறைந்துபோகும். அது புகழ்வதற்கான பட்டியல் இல்லை. மருத்துவன் யாரை எப்போது எச்சரிக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு. ஏழு வயதில் தொடங்கி ஒன்பது ஒன்பதாகக் கூட்டி, 16, 25, 34, 43, 52, 61 ஆகிய வயதுகளில் கவனமாக இருக்க வேண்டும் என்று அதே இயல் சொல்கிறது. ஒருவரின் உடலமைப்பு ஒரு வகையையும் முகநிறம் இன்னொரு வகையையும் காட்டினால் அந்த முரணே நோய்க்கு இடம் தரும் என்றும் அது விளக்குகிறது. ஆகவே ஒருவரைத் தீயாளர் என்று பெயரிட்டதோடு அங்கே கணிப்பு முடிவதில்லை, அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இனிப் பருவத்தைப் பார்ப்போம். தீயாளர் இளவேனிலையும் கோடையையும் தாங்குவார். கூதிரும் பனியும் அவருக்கு ஆகா என்கிறது லிங்ஷு. கோடை தீயின் பருவம், தெற்கு தீயின் திசை. தன் காலத்தில் அவர் செழிப்பது இயல்பு. நம் மருத்துவ மரபு பித்த உடலினரைப் பற்றிச் சொல்வது இதற்கு நேர் எதிரானது. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை காட்டும் பித்த உடலினர் வெப்பத்தைத் தாங்காதவர். பசியும் தாகமும் மிக்கவர். இளமையிலேயே நரையும் திரையும் காண்பவர். அவரது ஆயுள் இடைத்தரமானது. சங்கரன்கோவில் வெயிலில் சீனத் தீயாளர் நலமாக நடமாட வேண்டும். பித்த உடலினரோ நிழல் தேட வேண்டும். இருவரும் ஒருவர் என்றால் இது எப்படிக் கூடும்?

மறுப்பு ஒன்று எழலாம். பித்தம் மிகுவது கூதிரில் என்று சித்தர் மரபும் சொல்கிறதே, தீயாளரும் கூதிரில்தானே நோயுறுகிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காலம் ஒன்றாயினும் காரணம் வேறு. நம் கணக்கில் கார்காலத்தில் உடலில் சேர்ந்த பித்தம் கூதிரில் தன் எல்லையைக் கடக்கிறது. நோய் உள்ளேயுள்ள சூட்டின் மிகுதி. சீனக் கணக்கில் வெளியே குளிர் ஏற ஏறத் தீயாளரின் தீ தளர்கிறது. நோய் குறைவினால் வருவது. ஒருவருக்குத் தணிக்க வேண்டும், மற்றவருக்கு மூட்ட வேண்டும். ‘நெருப்பு ஆள்’ என்ற ஒரே சீட்டை இருவருக்கும் எழுதும் மருத்துவர் இங்கே பாதிக்குப் பாதி தவறுவார்.

உணர்ச்சியில் வேறுபாடு இன்னும் ஆழமானது. நமக்குத் தீ என்றால் சினம். ‘நெருப்பு மாதிரி ஆள், பக்கத்தில் போகாதே’ என்று சொல்லும் ஊர்ப்பேச்சில் அந்த எண்ணம் ஊறிக்கிடக்கிறது. சீன மருத்துவத்திலோ சினம் மரத்துக்கு உரியது. அதன் உறுப்பு கல்லீரல். தீக்கு உரிய உணர்ச்சி மகிழ்ச்சி, அதன் உறுப்பு இதயம். நெய்ஜிங்கின் மற்றொரு பகுதியான ‘சுவென்’ இதயத்தை உடலின் அரசன் என்கிறது. அறிவொளி அங்கிருந்தே புறப்படுகிறது. மிகையான மகிழ்ச்சி இதயத்தைக் கெடுக்கும், அச்சம் அந்த மிகையை அடக்கும் என்றும் சுவென் வகுக்கிறது. அச்சம் நீருக்கு உரிய உணர்ச்சி. நீர் தீயை அடக்கும் என்ற விதியே மனத்திலும் செயல்படுகிறது. சீனர் தீயாளரிடம் அஞ்சிய குறை வரம்பு மீறிய களிப்பும் அவசரமும்தான். கோபக்காரரை அவர்கள் மரத்தின் பக்கத்தில் தேடுவார்கள்.

இத்தனை விலகலும் ஏன்? பூதங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வரிசை இரு மரபிலும் வேறு என்பதே மூல காரணம் என்று நினைக்கிறேன். தைத்திரீய உபநிடதத்தில் ஆகாயத்திலிருந்து காற்று, காற்றிலிருந்து தீ, தீயிலிருந்து நீர், நீரிலிருந்து மண். தீ இங்கே நீரின் தாய். சீனச் சுழற்சியில் மரம் தீயைப் பெறுகிறது, தீ மண்ணைப் பெறுகிறது, மண் உலோகத்தை, உலோகம் நீரை, நீர் மீண்டும் மரத்தை. அங்கே நீர் தீயின் பகை. நம் வரிசை ஆகாயத்தில் தொடங்கி மண்ணில் முடிகிறது. உடல் அந்த ஐந்தும் கலந்த கலவை. ஆகவே நமக்குக் குணம் என்பது எது கூட, எது குறைய என்ற அளவின் கேள்வி. சீனச் சுழற்சிக்கு முடிவே இல்லை. அங்கே தீ ஆண்டு முழுதும் ஓடும் ஓட்டத்தின் உச்சிக்கட்டம். குணம் என்பது ஒருவர் அந்த ஓட்டத்தின் எந்தக் கட்டத்தில் பிறவியாக நிற்கிறார் என்ற கேள்வி. பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டில் சீனச் சிந்தனையாளர் ட்சோ யென் அரச மரபுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் இதே ஐந்தும் ஒன்றையொன்று வெல்லும் சுழற்சியால் விளக்க முடிந்ததும் அதனால்தான். அளவைக் கொண்டு வம்சங்களை விளக்க முடியாது. கட்டத்தைக் கொண்டு முடியும்.

உண்மையான உறவு வேறொரு இடத்தில் இருக்கிறது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் சேரமான் உதியஞ்சேரலை ஐம்பூதங்களோடு ஒப்பிடுகிறார். நிலத்தின் பொறுமை, வானின் விரிவு, காற்றின் வலிமை, தீயின் அழிக்கும் ஆற்றல், நீரின் அருள் ஆகிய ஐந்தும் அந்த ஒருவனிடம் இருக்கின்றன. பூதத்தால் ஆளுமையை அளந்த பழந்தமிழ்ச் சான்று இது. அதில் ‘தீ அரசன்’ என்று ஒருவன் இல்லை. ஐந்தையும் தாங்குபவனே அரசன். சீனாவில் பொ.ஆ. மூன்றாம் நூற்றாண்டில், வெய் அரசில் பணியாற்றிய லியூ ஷாவ், பதவிக்குத் தக்க ஆளைத் தெரிவதற்காக ‘ரென்வு ஜி’ என்னும் நூலை எழுதினார். அவரும் தீயை உயிர்மூச்சோடும் ஒழுங்குமுறையோடும் இணைத்து, ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு நற்குணத்தைக் கொடுக்கிறார். ஆனால் அவர் உச்சியில் வைக்கும் மனிதர் எந்த ஒரு பூதத்தாலும் அடையாளம் காணப்படாதவர். ஐந்தும் சமன்பட்டு, தனிச்சுவை எதுவும் தூக்கலாகத் தெரியாதவர். ஒரே பூதம் ஓங்கியவர் நல்ல அதிகாரி ஆகலாம், ஆள்பவர் ஆகமாட்டார் என்பது அவர் நூலின் போக்கு.

தமிழ்ப் புலவரும் சீன அதிகாரியும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் ஒற்றைப் பூதத்தால் ஆளுக்குப் பெயரிடுவது மதிப்பைக் குறைப்பது என்பதில் ஒன்றுபடுகிறார்கள். ஒப்பாய்வு தொடங்க வேண்டிய இடம் இதுவே. பித்த உடம்பையும் தீயாளரையும் ஒரே வரியில் எழுதும் பயிற்சி நூல்களில், முதல் வேலையாக அந்த வரியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்குரிய பருவத்தையும் உணர்ச்சியையும் தனித்தனியே எழுத வேண்டும்.