நத்தார்க் கீதங்களும் நிலைத்த குரல்களும்

ஒரு பாட்டு ஏட்டில் இருக்கும்வரை யாவருக்கும் பொதுவானது. ஒருவர் அதனைப் பாடி, அக்குரல் இசைத்தட்டிற் பதிந்த பின்னரோ அது பாடியவருக்கே உரிய பாட்டாக மாறிவிடுகிறது. நத்தார்க் காலத்தில் வானொலிகளில் ஒலிக்கும் கீதங்களை எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை நன்கு விளங்கும். புகழ்பெற்ற ஒரு கீதத்தை நூற்றுக்கணக்கானோர் பாடிப் பதித்திருக்கிறார்கள். ஆயினும், ஆண்டுதோறும் மக்கள் மீண்டும் மீண்டும் கேட்க விரும்பும் பதிவுகள் மிகச் சிலவே. இதற்குக் காரணம் யாது? குரலின் இனிமை ஒன்றே எனின், இனிய குரல் படைத்தோர் எத்தனையோ பேர் உளர். பாடிய காலமும், பாடியவர் வாழ்க்கையும், கேட்டவர் உள்ளமும் ஒன்றோடொன்று கூடும்போதே ஓர் இசைத்தட்டு வரலாறாகிறது. மூன்று குரல்களின் கதை இதனைத் தெளிவுபடுத்தும்.

நத்தார்க் கீதங்களுள் உலகெங்கும் பரந்தது ‘அமைதி இரவு’ எனும் ஜேர்மன் மொழிக் கீதமாகும். 1816ஆம் ஆண்டில் யோசப் மோர் என்னும் உதவிக் குரு அதன் சொற்களை எழுதினார். 1818 டிசெம்பர் 24ஆந் திகதி, சால்ஸ்பேர்க் நகருக்கு அணித்தான ஓபன்டோர்வ் கிராமத் தேவாலயத்தில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. இசையமைத்தவர் பிரான்ஸ் சேவர் குறூபர் என்ற பாடசாலை ஆசிரியர். பெரிய வாத்தியங்கள் எவையும் இல்லை. ஒரு கித்தாரே துணை. தீரோல் மலைநாட்டுப் பாடகர் குடும்பங்கள் இக்கீதத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றன. 1839ஆம் ஆண்டளவில் அது நியூயோர்க் நகரையும் அடைந்துவிட்டது.

இக்கீதத்தை 1908ஆம் ஆண்டில் இசைத்தட்டிற் பாடிப் பதித்தவர் ஏர்ணஸ்டின் சூமன்-ஹைங்க் அம்மையார். 1861இல் பிராக் நகருக்கு அருகே, அன்றைய ஒஸ்திரியப் பேரரசிற் பிறந்தவர். ஐரோப்பிய இசைநாடக மேடைகளில் ஆழ்ந்த குரலாற் புகழ்பெற்றவர். பின்னர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அக்காலத்தில் ஒலிவாங்கி இல்லை. பாடுபவர் பெரிய கூம்பு ஒன்றின் வாயருகே நின்று பாடவேண்டும். அவர் குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் தடம் கீறும். ஆகவே மேடையை நிறைக்கும் குரல் உடையோரே அன்று பதிவிலும் சிறந்தனர்.

முதலாம் உலகப் போர் வந்தது. அம்மையாரின் மூத்த மகன் ஜேர்மன் கடற்படையிலே சேவை செய்தார். ஏனைய புதல்வர் பலர் அமெரிக்கப் படையிலே சேர்ந்தனர். ஒரு தாயின் பிள்ளைகள் இரு பகைக் கொடிகளின் கீழ் நின்றனர். மூத்த மகன் அப்போரில் மாண்டார். அமைதியைப் பாடும் கீதத்தை அதன் பின்னர் அத்தாய் பாடியபோது, அச்சொற்களின் பொருள் முன்போல் இருந்திருக்குமா? 1926 தொடக்கம் 1935 வரை நத்தார்க் காலந்தோறும் அவர் அதனை வானொலியில் ஜேர்மன் மொழியிலும் பாடிவந்தார். போர்க்காலத்தில் அமெரிக்காவில் வெறுக்கப்பட்ட மொழி அது. அம்மொழியில், முதுமையுற்ற ஒரு தாயின் குரலில், அக்கீதத்தைக் கேட்பதற்கென்றே இலட்சக்கணக்கான குடும்பங்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தன. 1936இல் அவர் காலமானார்.

இதற்கிடையில், 1925ஆம் ஆண்டளவில் ஒலிப்பதிவுக் கலையில் பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. கூம்பின் இடத்தை மின்சார ஒலிவாங்கி பிடித்தது. இனி உரத்துப் பாடவேண்டிய தேவை இல்லை. அருகிலிருப்பவரோடு உரையாடுவதுபோல மெல்லப் பாடினாலும் அம்மென்மை அப்படியே பதியும். இவ்வாய்ப்பை முற்றாக உணர்ந்து பயன்படுத்தியவர்களுள் தலையாயவர் பிங் குறொஸ்பி. அம்மையாரின் வானொலிப் பாட்டு ஓய்ந்த அதே 1935இல் இவர் ‘அமைதி இரவு’ கீதத்தை ஆங்கிலத்தில் பதித்தார். சமய கீதமொன்றைப் பாடிப் பொருளீட்டல் தகாது என முதலில் அவர் தயங்கினார் என்பதும், வருவாய் அறப்பணிக்குச் செல்லும் என்ற ஏற்பாட்டின் பின்னரே இசைந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

குறொஸ்பியின் பெயரை நத்தாரோடு பிரிக்க முடியாதவாறு பிணைத்தது ‘வெண்பனி நத்தார்’ என்னும் பாட்டு. அதனை இயற்றியவர் ஏர்விங் பேர்ளின். இவர் 1888இல் உருசியப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்து, ஐந்து வயதில் ஏதிலியாக நியூயோர்க் வந்து சேர்ந்தவர். தந்தையார் யூத ஆலயத்தில் வழிபாட்டுப் பாடல் பாடுபவர். அவர் மறைந்தபின் சிறுவனான பேர்ளின் தெருக்களிலும் மதுக்கடைகளிலும் பாடிப் பிழைத்தார். பியானோவின் கறுப்புக் கட்டைகளை மட்டுமே நம்பி வாசித்த இவர், வேண்டிய சுருதிக்கு மாற்றித்தரும் விசேட பியானோ ஒன்றைப் பயன்படுத்தினார். கிறிஸ்தவரின் பெருவிழாவுக்கு உலகப் புகழ்பெற்ற பாட்டைத் தந்தவர் வேற்றுச் சமயத்தவர் என்பது சிந்தித்தற்குரியது. அவருக்கும் அந்நாளுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1928 டிசெம்பர் 25ஆந் திகதி, பிறந்து மூன்று வாரமே ஆன அவருடைய ஒரே ஆண்குழந்தை இறந்துபோயிற்று. ஊர் கொண்டாடும் நாள் அவ்வீட்டில் நினைவு நாளாகவும் இருந்தது.

யப்பானியர் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிப் பதினெட்டு நாட்கள் கழிந்த பின், 1941ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று, குறொஸ்பி இப்பாட்டை வானொலியிற் பாடினார். 1942 மே 29இல் டெக்கா நிறுவனத்துக்காக லொஸ் ஏஞ்சல்சில் அது பதிவாயிற்று. ஜோன் ஸ்கொட் துரொட்டரின் வாத்தியக் குழுவும் கென் டாபியின் பாடகர் குழுவும் துணைநின்றன. பதிவு வேலை முழுவதும் முடியப் பதினெட்டு நிமிடமே சென்றதாகக் கூறுவர். சில வாரம் தாமதித்திருந்தாலும் அந்த இசைத்தட்டு அவ்வாண்டில் வந்திராது. ஏனெனில் ஓகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்க வாத்தியக் கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. டெக்கா 1943இலும் ஏனைய பெரு நிறுவனங்கள் 1944இலுமே இணக்கத்துக்கு வந்தன. இசைத்தட்டு செய்யும் அரக்குக்கும் தட்டுப்பாடு நிலவிற்று. அது இந்தியாவிலிருந்து கடல்வழியே வரவேண்டிய பொருள், கடலோ போர்க்களமாகியிருந்தது.

பேர்ளின் எழுதிய பாட்டின் தொடக்கத்தில் ஒரு முன்னுரைப் பகுதி உண்டு. கலிபோர்னியாவில், வெயிலும் பனைமரமும் சூழ்ந்த இடத்திலிருந்து, வடநாட்டுப் பனியை ஒருவன் நினைப்பதாக அப்பகுதி அமைந்தது. இசைத்தட்டில் அது விடப்பட்டது. இதனால் விளைந்தது யாதெனின், பாடுபவன் எங்கே நிற்கிறான் என்ற வரையறை நீங்கிற்று. பசிபிக் தீவொன்றின் வெப்பத்திலே கிடந்த படைவீரனும், வட ஆபிரிக்க மணலிலே நின்ற படைவீரனும் அப்பாட்டைத் தன் பாட்டாகக் கொள்ள வழி பிறந்தது. படையினருக்கான வானொலிக்கு இதனைக் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. போர்முனைகளுக்குச் சென்று வீரர்முன் பாடிய குறொஸ்பி, இப்பாட்டு அவர்களைத் துயருறச் செய்தமையால் அதனைத் தவிர்க்க நினைத்ததாகவும், தவிர்த்தபோதெல்லாம் அவர்களே கூவிக் கேட்டதாகவும் பின்னர் நினைவுகூர்ந்தார். துயர் தருவதென்று அறிந்தும் அதனையே விரும்பிக் கேட்டனர். வீட்டை நினைந்து வருந்துதலும் வீட்டோடு உறவாடுதலே அன்றோ!

1943இல் இப்பாட்டுக்கு அக்கடமி விருது கிடைத்தது. மேடையில் விருதுக்குரிய உறையைத் திறந்து பெயரை வாசிக்கும் பொறுப்புப் பேர்ளினுக்கே வாய்த்தமையால், தம் பெயரைத் தாமே அறிவிக்க நேர்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல இசைத்தட்டின் விற்பனை பெருகியது. அதனால் எதிர்பாராத இடர் ஒன்று விளைந்தது. மெழுகிற் பதிந்த தடத்துக்கு உலோகப் பூச்சிட்டு மூலத்தகடு செய்வர். அதிலிருந்து அச்சுத்தகடுகள் எடுத்து, அவற்றால் அரக்குத் தட்டுக்களை அழுத்துவர். அளவிறந்த பிரதிகள் எடுத்தமையால் 1942ஆம் ஆண்டின் மூலம் தேய்ந்து கெட்டது. ஆதலின் 1947 மார்ச் 19இல், அதே பாடகரும், அதே வாத்தியக் குழுவும், அதே துணைப்பாடகர் குழுவும் மீண்டும் கூடி, முன்னையதை ஒத்ததாகவே புதிய பதிவு ஒன்றைச் செய்தனர். தொடக்கத்தில் புல்லாங்குழல்களின் ஒலியும் செலெஸ்டா என்னும் மணியோசைக் கருவியின் ஒலியும் கேட்குமாயின், அது இரண்டாம் பதிவு என்று அறியலாம்.

இன்று பெரும்பாலும் ஒலிப்பது இந்த இரண்டாம் பதிவே. போர்க்காலக் குரலென்று மக்கள் உருகிக் கேட்பது, போர் முடிந்து ஈராண்டு கழிந்தபின் பாடியது. வரலாறு கற்போர் இதனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். மூலம் தேய்ந்தது பகையினாலன்று, அன்பினால். மக்கள் மிகுதியாக விரும்பியமையே அதனை அழித்தது. இப்பாட்டின் குறொஸ்பி பதிவு ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையானதாக மதிப்பிடப்படுகிறது. 1975 ஏப்ரில் இறுதியில் சைகோன் நகரை விட்டு அமெரிக்கர் வெளியேறுவதற்குரிய இரகசிய அடையாளமாக வானொலியில் ஒலித்ததும் இப்பாட்டே. கோடை வெப்பத்தில் நத்தார்ப் பாட்டு ஒலித்தது. வீடு திரும்புதலைக் குறிக்க வேறெந்தப் பாட்டும் அவர்கள் நினைவுக்கு வரவில்லை போலும்.

மூன்றாவது குரல் நாட் கிங் கோல் என்பாருடையது. 1945ஆம் ஆண்டுக் கோடையில், வெப்பம் தாங்காது, குளிர்காலக் காட்சிகளை எண்ணியாவது உடல் குளிரட்டும் என்று ரொபேட் வெல்ஸ் எழுதிவைத்த சில வரிகளைக் கண்ட மெல் ரோமே, அவரோடு சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ‘நத்தார்ப் பாட்டு’ என்பதை ஆக்கி முடித்தார். கோல் இதனை 1946இல் இருமுறை பதித்தார். முதலில் தம் மூவர் குழுவோடு மட்டும் பாடினார். பின்னர் நரம்பு வாத்தியங்களும் வேண்டுமென்று மீண்டும் பாடினார். 1953இல் மற்றொரு முறையும், 1961இல் இருசெவி ஒலிப்பதிவாக இன்னொரு முறையும் பதித்தார். ரால்ப் கார்மைக்கேல் நெறிப்படுத்திய அவ்விறுதிப் பதிவே இன்று எங்கும் கேட்பது.

கோல் கறுப்பினத்தவர். 1948இல் அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹான்கொக் பார்க் பகுதியில் வீடு வாங்கியபோது, வெள்ளையரான அயலார் திரண்டு எதிர்த்தனர். விரும்பத்தகாதோர் அங்கு குடியேறுவதைத் தாங்கள் விரும்பவில்லை என்றனர். அத்தகையோர் வரக் கண்டால் தாமும் முறையிடுவதாக அமைதியாக விடையிறுத்துவிட்டு, கோல் அங்கேயே குடியிருந்தார். 1956இல் அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரில், மேடையிற் பாடிக்கொண்டிருக்கும்போதே வெள்ளையர் சிலரால் தாக்கப்பட்டார். அதே ஆண்டில் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சி, நாடளாவிய விளம்பரதாரர் எவரும் முன்வராமையால் 1957இல் நின்றுபோயிற்று. இத்தனைக்கும் பின்னரே 1961இல் அப்பாட்டை மீண்டும் பாடினார். வீட்டுக் கணப்பின் இதத்தையும் குழந்தைகளின் மகிழ்வையும் கூறும் அப்பாட்டில் கசப்பின் நிழல் ஒருசிறிதும் இல்லை. அயலில் வாழவும் இடந்தர மறுத்த சமுதாயம், நத்தார் இரவில் அக்குரலைத் தன் வீட்டின் நடுவே அழைத்து வைத்துக்கொண்டது. 1965 பெப்ரவரியில், தமது 45ஆவது வயதில் கோல் மறைந்தார், குரல் மறையவில்லை.

மூன்று பதிவுகளையும் சேர்த்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும். இரு பகைப்படைகளிலும் பிள்ளைகளைக் கண்ட தாய் ஒருவர் பாடிய அமைதி. குழந்தையை இழந்த ஏதிலி ஒருவர் எழுத, வீடு காணாத வீரர் கேட்ட ஏக்கம். வாசலில் மறுக்கப்பட்டவர் பாடிய வீட்டின்பம். எதனை இழந்தனரோ, எது மறுக்கப்பட்டதோ, அதனையே மூன்று கதைகளும் இசையாகத் தந்துள்ளன. கேட்போர் இவ்வரலாற்றை அறியாதிருக்கலாம். ஆயினும் குரலின் அடியில் ஓடும் உண்மை அவர்கள் உள்ளத்தைத் தொடாமற் போவதில்லை.

கூம்பு போய் ஒலிவாங்கி வந்தது. அரக்குத் தட்டுப் போய் வேறு சாதனங்கள் வந்தன. நத்தார் இரவில் ஒரு பெட்டியைச் சூழ்ந்திருந்து, எங்கோ எப்போதோ பாடிய ஒருவரின் குரலைக் கேட்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. பனியையே கண்டறியாத நாடுகளிலும் பனியைப் பாடும் அப்பாட்டு விரும்பப்படுகிறது. பனியை அறியாதவர் உண்டு. பிரிவை அறியாதவர் எந்நாட்டிலும் இல்லை.