கடல் பிளந்ததும் ஒரு வினைச்சொல்லும்

ரஜப் பிறை 27. சித்தூர்ப் பக்கத்துப் பள்ளிவாசல்களில், நபிகள் நாயகம் விண்ணேறிய மிஃராஜ் இரவின் பயான் (சமயச் சொற்பொழிவு) உருதுவில் நடக்கும். கேட்டு வெளியே வருகிறவர்கள் கடைவீதியில் தெலுங்கிலும், வீட்டுத் திண்ணையில் தமிழிலும் பேச்சைத் தொடர்வார்கள். மும்மொழியும் புழங்கும் இந்த மண் 1911 வரை வட ஆற்காடு மாவட்டம். அதன் தலைநகர் சித்தூர். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவும் அன்று அதே மாவட்டத்தில்தான் இருந்தது.

அந்த உருது மொழியில், நபிமார்களின் அற்புதங்களைப் பற்றி வடக்கே எழுந்த ஒரு பெரும் வாதத்தை இந்த வாரம் பார்ப்போம்.

சீர்திருத்தவாதி சர் சையத் அகமது கானின் குர்ஆன் விரிவுரை 1880 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. குர்ஆன் இறைவனின் சொல், இயற்கை இறைவனின் செயல், இரண்டும் ஒன்றோடொன்று மோதாது என்றார் அவர். இயற்கை விதியும் இறைவன் தந்த வாக்குதான், அதை அவனே மீறுவானா என்று கேட்டார். எதிர்த்தவர்கள் அவரை ‘நேச்சரி’ (இயற்கைவாதி) என்றார்கள். ஹைதராபாத்தில் தங்கியிருந்த ஜமாலுத்தீன் ஆப்கானி 1881-இல் மறுப்பு நூலே எழுதிவிட்டார்.

மூசா நபிக்காகக் கடல் பிளந்த வசனத்தை எடுத்துக்கொள்வோம். 26-ஆவது அத்தியாயம், 63-ஆவது வசனம். அதில் ‘இள்ரிப்’ என்றொரு ஏவல் வினை. ‘உம் கோலால் கடலை அடியும்’ என்று காலங்காலமாகப் பொருள் கொண்டார்கள். அந்த வினைக்கு ‘நடந்து செல்’ என்றும் பொருள் உண்டு. சர் சையத் அதைப் பிடித்துக்கொண்டார். கோலை ஊன்றிக் கடலினூடே நடந்து போகச் சொன்ன கட்டளை இது, அப்போது நீர் வற்றியிருந்தது, பிறகு கடலேற்றம் வந்து ஃபிர்அவ்னின் படையை மூழ்கடித்தது என்று விளக்கினார்.

ஆலிம்கள் இலக்கணத்தைக் கொண்டே மறுத்தார்கள். நடப்பதைக் குறிக்கும்போது அந்த வினையோடு ‘ஃபீ’ என்ற இடைச்சொல் வரும். இங்கே அது இல்லை. போதாததற்கு, பிளந்த ஒவ்வொரு பக்கமும் பெரும் மலைபோல் நின்றதாக அதே வசனம் சொல்கிறது. வற்றிய கடலில் மலை ஏது? இந்த இடத்தில் ஆலிம்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் வேதத்தின் ஒற்றை வினைச்சொல்லோடு இவ்வளவு மல்லுக்கட்டியவரை நம்பிக்கை இல்லாதவர் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

அற்புதமா, இயற்கை விதியா என்ற இந்த வாதம் ஆங்கிலக் கல்வி கொண்டுவந்த குழப்பமும் அல்ல. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி பஞ்சையும் நெருப்பையும் உதாரணம் காட்டினார். பஞ்சு எரிவது இறைவனின் வழமையே தவிர, நெருப்பின் கட்டாயம் அல்ல. அவன் நாடினால் எரியாமலும் இருக்கும். இப்ராஹீம் நபியை நெருப்பு சுடாததுபோல. காரண காரியத்தை மறுத்தால் அறிவுக்கே இடமில்லை என்று பதில் எழுதினார் ஸ்பெயின் நாட்டு இப்னு ருஷ்து.

மிஃராஜுக்கே வருவோம். அந்த இரவில் நாயகத்தின் உடல் இடம்பெயரவில்லை, ஆன்மாதான் சென்றது என்று ஆயிஷா நாயகி சொன்னதாக ஓர் அறிவிப்பை இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. உடலோடு, விழிப்பில் நடந்த பயணம் என்றே கொண்டார்கள். 17-ஆவது அத்தியாயத்தின் 60-ஆவது வசனத்தில் ‘ருஃயா’ என்ற சொல் வருகிறது. கனவுக்கு வழங்கும் சொல் அது. அங்கே அது கண்ணால் கண்ட காட்சியைக் குறிக்கிறது என்றார் இப்னு அப்பாஸ். இப்படி மாறுபட்ட இருவரில் நாயகத்தின் மனைவி ஒருவர், சிறிய தகப்பனார் மகன் ஒருவர்.