தேநீர்ச்சாலைக் கணக்கும் தானே இயங்கும் கந்தோரும்

அரசர் வரலாறு எழுதப்பட்டிருக்கின்றது. போர்களின் வரலாறும் எழுதப்பட்டிருக்கின்றது. ஆயின் அரசரின் களஞ்சியத்தில் எத்தனை மூடை நெல் இருந்தது, போர்வீரருக்கு எவ்வளவு சம்பளம் கொடுபட வேண்டும் என்று நாள்தோறும் குறித்து வைத்த கணக்கனின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலரே. பேரேட்டின் முன் குனிந்திருந்து, தொகைகளை மேலிருந்து கீழாகக் கூட்டி, மீண்டும் கீழிருந்து மேலாகக் கூட்டிச் சரிபார்த்த லிகிதரின் உழைப்பின்மீதே பெரிய வணிகங்களும் அரசுகளும் நின்றன. அந்த உழைப்பு இருபதாம் நூற்றாண்டில் இயந்திரத்தின் கைக்கு மாறியது. அம்மாற்றத்தின் முதற் பெரும் அத்தியாயம் போர்க்களத்திலோ பல்கலைக்கழகத்திலோ நிகழவில்லை. இலண்டன் மாநகரின் தேநீர்ச்சாலைகளை நடத்திய ஒரு நிறுவனத்திலே நிகழ்ந்தது.

ஜே. லயன்ஸ் என்னும் அந்நிறுவனம் 1887ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முதலாவது தேநீர்ச்சாலை 1894ஆம் ஆண்டில் பிக்கடிலி வீதியிலே திறக்கப்பட்டது. காலப்போக்கில் இத்தகைய சாலைகள் பிரித்தானிய நகரங்கள் பலவற்றிலும் பெருகின. அங்கே விற்கப்பட்டவை ஒரு கோப்பை தேநீர், ஒரு துண்டுக் கேக், ஒரு பாண் ஆகிய சிறு பொருள்களே. ஒவ்வொன்றிலும் கிடைத்த இலாபம் சில காசுகள் மாத்திரமே. ஆனால், அந்தச் சிறு விற்பனை ஒவ்வொன்றுக்கும் ஒரு பற்றுச்சீட்டு உண்டு. ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் யாரோ ஒருவர் பதிந்து கூட்ட வேண்டும். காசுக்கணக்கில் இலாபம் பெறும் வணிகத்தில் கணக்கெழுதும் செலவு இலாபத்தையே விழுங்கிவிடக்கூடும். இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் ஜோன் சிம்மன்ஸ் என்பவர். கேம்பிரிட்ஜிலே கணிதம் கற்ற அவர் 1923ஆம் ஆண்டில் லயன்ஸ் நிறுவனத்திற் சேர்ந்து, கந்தோர் வேலையைச் செம்மைப்படுத்துவதையே தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947ஆம் ஆண்டில், ஒலிவர் ஸ்டாண்டிங்போர்ட், றேமன்ட் தொம்சன் என்னும் அலுவலர் இருவரை லயன்ஸ் நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. புதிய கந்தோர் முறைகளைக் கண்டறிந்து வருவதே அவர்களுக்கிடப்பட்ட பணி. அக்காலத்தில் இலத்திரனியற் கணிப்புப் பொறிகள் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணிப்பதற்கும் விஞ்ஞானிகளின் நீண்ட சமன்பாடுகளைத் தீர்ப்பதற்குமே உரியவை எனக் கருதப்பட்டன. அவ்விருவரோ, அப்பொறி சம்பளப் பட்டியலையும் எழுதுமே என்று எண்ணினர். பிறின்ஸ்டன் நகரில் அவர்களைச் சந்தித்த ஹேர்மன் கோல்ட்ஸ்டைன் என்னும் அறிஞர், அத்தகைய பொறியொன்று அவர்களின் சொந்த நாட்டிலேயே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், மோறிஸ் வில்க்ஸ் என்பவரால் உருவாக்கப்படுகின்றது என்று கூறினார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாயிற்று அது. நாடு திரும்பியோரின் அறிக்கையை ஏற்ற லயன்ஸ் நிறுவனம், கேம்பிரிட்ஜ் முயற்சிக்கு 3,000 பவுண் நன்கொடை அளித்தது; ஓர் உதவியாளரையும் அனுப்பியது. கேம்பிரிட்ஜ்ப் பொறி 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாளில் தன் முதற் கணிப்பைச் செய்து காட்டியது. அதன்பின் லயன்ஸ் நிறுவனம் அதே மாதிரியிலே தனக்கென ஒரு பொறியைக் கட்டத் துணிந்தது.

லயன்ஸ் இலத்திரனியற் கந்தோர் என்னும் பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து அப்பொறிக்கு 'லியோ' எனப் பெயரிட்டனர். ஜோன் பிங்கர்டன் என்னும் பொறியியலாளர் அதனை அமைத்தார். ஏறத்தாழ 6,000 வால்வுகளைக் கொண்டு, பெரிய அறையொன்றை நிறைத்து நின்றது அது. பாதரசம் நிரப்பிய குழாய்களிலே ஒலியலைகளாக எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதுவே அதன் ஞாபகம். 1951ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், வெதுப்பகங்களிற் செய்யப்பட்ட பாண், கேக் முதலியவற்றின் மதிப்பீட்டுக் கணக்கை லியோ ஏற்றது. அன்று முதல் வாரந்தோறும் அக்கணக்கு அப்பொறியாலேயே செய்யப்பட்டது. இலத்திரனியற் கணனியொன்று வணிகக் கந்தோரின் வழமையான வேலையைப் பொறுப்பேற்றது உலக வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

அதனைத் தொடர்ந்து சம்பளப் பட்டியல் வந்தது. தேர்ந்த லிகிதர் ஒருவர் ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணித்து முடிக்க எட்டு நிமிடம் ஆகும் எனவும், லியோ அதனை ஒன்றரை விநாடியில் முடித்தது எனவும் அக்காலக் குறிப்புகள் கூறும். 1954ஆம் ஆண்டில் தேநீர்ச்சாலைகளுக்குப் பொருள் அனுப்பும் வேலையும் சேர்ந்தது. ஒவ்வொரு சாலைக்கும் நாளாந்தம் வேண்டிய பொருள்களின் நிலையான பட்டியல் முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. சாலையை நடத்திய பெண்மணி மாற்றங்களை மாத்திரம் தொலைபேசியில் அறிவித்தாற் போதும். மறுமுனையில் இருந்தவர் அவற்றை அட்டையிலே துளையிட்டுப் பதிந்தார். லியோ கட்டளைப் பட்டியலை அச்சிட்டது.

இச்சாதனையில் வேகத்தை மட்டும் காண்போர் பாதியையே கண்டவராவர். மறுபாதி டேவிட் கமினர் என்பவரின் கண்டிப்பிலே இருந்தது. லியோவுக்கான செய்நிரல்களை ஆக்கும் பகுதிக்கு அவரே தலைவர். ஒரு வேலையைப் பொறியிடம் ஒப்படைக்குமுன் அவ்வேலை எவ்வாறு நடக்கின்றது, எங்கே தவறு நேரக்கூடும், வழமைக்கு மாறான நிலை தோன்றினால் என்ன செய்வது என்பனவற்றைப் படிப்படியாக வரைந்து காட்ட வேண்டும் என்பது அவர் விதி. ஒருவர் எழுதிய செய்நிரலை இன்னொருவர் பரிசோதிக்க வேண்டும். உட்சென்ற தொகையும் வெளிவந்த தொகையும் ஒத்திருக்கின்றனவா எனப் பொறியே சரிபார்க்க வேண்டும். சம்பளக் கணக்கைப் பொறுத்தவரை, பழைய முறையும் புதிய முறையும் சிறிது காலம் அக்கம்பக்கமாக நடத்தப்பட்டு, இரண்டும் ஒத்துவந்த பின்னரே பழைய முறை கைவிடப்பட்டது. 1952ஆம் ஆண்டில் இப்பகுதியிற் சேர்ந்த மேரி கூம்ஸ், வணிகச் செய்நிரல் எழுதிய முதற் பெண்மணி எனப் போற்றப்படுகின்றார். கணக்கறிந்தோரே பொறிக்கு வழிகாட்டினர் என்பதும், லிகிதரின் பழைய சரிபார்க்கும் ஒழுக்கம் பொறிக்குள்ளும் குடியேறியது என்பதும் லியோவின் வரலாறு தரும் பாடங்களாகும்.

காலம் விரைந்தது. 1964ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் காந்த நாடாவோடு இணைந்த தட்டெழுத்துப் பொறியொன்றை விற்பனைக்கு விட்டது. ஒருமுறை தட்டிய கடிதம் நாடாவிலே நின்றது. திருத்தமான பகுதியை மட்டும் மாற்றி முழுக்கடிதத்தையும் மீண்டும் அடிக்கப் பொறிக்கு இயலும். பெயரும் விலாசமும் மட்டும் வேறுபடும் நூறு கடிதங்களை ஒரே மாதிரியிலிருந்து பெறும் வழக்கமும் இவ்வாறு வளர்ந்தது.

கணக்கேட்டின் முறை அடுத்து வந்தது. 1978ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் மாணவராயிருந்த டான் பிறிக்ளின், ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பெரிய கணக்கை அட்டவணையாக எழுதுவதைக் கண்டார். ஓர் எண் மாறினால் அதனைச் சார்ந்த எண்கள் யாவற்றையும் அழித்து எழுத நேர்ந்தது. ஓர் எண்ணை மாற்றியதும் மற்றையவை தாமே மாறும் பலகை ஒன்று இருந்தால் எவ்வளவு நன்று என்று அவர் எண்ணினார். நண்பர் பொப் பிறாங்ஸ்டன் செய்நிரலை எழுத, 'விசிகால்க்' என்னும் விரிதாள் 1979ஆம் ஆண்டில் அப்பிள் கணனிக்காக வெளிவந்தது. 1983ஆம் ஆண்டில் 'லோட்டஸ் 1-2-3' வந்தது. 1985ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 'எக்செல்' வந்தது. திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களை ஒரே கட்டளையாகத் தொகுத்து வைக்கும் வசதியும் அவற்றிலே சேர்ந்தது. லியோவின் முன் ஒரு கூட்டமே இருந்து செய்த வேலையை, ஒரு மேசையின் முன் தனியொருவர் செய்யும் காலம் பிறந்தது.

அக்காலத்தின் நன்மை பெரிது. சிறு கடைக்காரரும் கிராமப் பாடசாலையும் கூடப் பெரிய நிறுவனங்களின் கணக்கு வசதியைப் பெற்றனர். ஆயின், தனிமேசைக்குப் பொறி வந்தபோது கமினரின் விதிகள் உடன் வரவில்லை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்க்கும் கட்டாயம் மறைந்தது. அவசரத்தில் அமைத்த ஒரு சூத்திரம், அமைத்தவர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னரும், ஏன் என்று அறியாதோரின் கையில் ஆண்டுக்கணக்காக இயங்கிக்கொண்டிருந்தது.

இதன் விளைவை 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்து கண்டது. கொரோனாத் தொற்று பரவிய அக்காலத்தில், ஆய்வுகூடங்களிலிருந்து வந்த முடிவுகளைப் பொதுச் சுகாதாரத் திணைக்களம் பழைய வகை விரிதாட் கோப்புகளிலே தானாகச் சேரும்படி அமைத்திருந்தது. அவ்வகைத் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. தாள் நிறைந்த பின் வந்தவை சத்தமின்றி விடுபட்டன. செப்டெம்பர் மாத இறுதிக்கும் ஒக்டோபர் மாதத் தொடக்கத்துக்கும் இடையில் 15,841 தொற்றாளரின் விபரங்கள் நாளாந்த எண்ணிக்கையிற் சேராமற் போயின. அவர்களோடு பழகியோருக்கு எச்சரிக்கை அனுப்புவதும் தாமதமாயிற்று. பேரேட்டின் கடைசித் தாள் நிரம்பினால் லிகிதர் புதிய பேரேடு கேட்டிருப்பார், பொறி கேட்கவில்லை.

கந்தோரின் மூன்றாவது கருவி முன்வைப்பு ஆகும். றொபேட் கஸ்கின்ஸ், டெனிஸ் ஒஸ்ரின் ஆகியோர் ஆக்கிய 'பவர்பொயின்ற்' 1987ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை 1 கோடியே 40 இலட்சம் டொலருக்கு வாங்கியது. வரைஞரின் உதவியின்றியே சபையின் முன் காட்டும் படங்களையும் குறிப்புகளையும் எவரும் ஆக்க முடிந்தது. ஆனால், நீண்ட அறிக்கை சில வரிக் குறிப்பாகச் சுருங்கும்போது ஐயங்களும் சுருங்கிவிடும். 2003ஆம் ஆண்டு பெப்ருவரி 1ஆம் நாளில் கொலம்பியா விண்ணோடம் சிதறி எழுவர் மாண்டனர். விண்ணோடத்தின் இறக்கையில் நுரைப்பொருள் மோதியதன் ஆபத்துப் பற்றிய முக்கியமான ஐயம், முன்வைப்பின் ஒரு பக்கத்தில் அடிவரிசைச் சிறு குறிப்பாகக் கிடந்தது. முறையான தொழினுட்ப அறிக்கைக்குப் பதிலாக இத்தகைய குறிப்புகளை நம்பியதை விசாரணைக்குழு கண்டித்தது.

லியோவின் வமிசம் பிற்காலத்தில் என்னவாயிற்று? 1963ஆம் ஆண்டில் அதன் தொழில் வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. 1968ஆம் ஆண்டில் அதுவும் ஐ.சி.எல். என்னும் பெரிய பிரித்தானிய நிறுவனத்துள் அடங்கியது. 1990ஆம் ஆண்டில் ஐ.சி.எல்லின் பெரும் பங்கை யப்பானிய நிறுவனமான புஜிற்சு வாங்கியது. அந்நிறுவன வழியிலேயே 'ஹொரைசன்' என்னும் கணக்கு முறை பிறந்து, 1999ஆம் ஆண்டு முதல் பிரித்தானியத் தபாலகங்களில் நிறுவப்பட்டது. உப தபாலதிபர் கையினால் எழுதிய நாட்கணக்கை அது தானே எழுதியது.

அக்கணக்கிலே வராத பற்றாக்குறை வந்ததாகக் காட்டப்பட்டது. உப தபாலதிபர்கள் பணத்தை எண்ணினர், சரியாயிருந்தது. பொறியைக் கேட்டனர், குறைகின்றது என்றது. ஒப்பந்தப்படி பற்றாக்குறையை அவர்களே நிரப்ப வேண்டும். பலர் சொந்தச் சேமிப்பை இழந்தனர். பலர் களவு, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்கள் சாட்டப்பட்டு நீதிமன்றம் சென்றனர். கணனி சரியாக இயங்கியதென முதலில் நிறுவ வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த காப்பு, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டிருந்தது. ஆகவே பொறி சொன்னதே சாட்சி ஆயிற்று. 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாயினர்; சிலர் சிறை சென்றனர்; சிலர் அவமானம் தாங்காது உயிரையும் மாய்த்துக்கொண்டனர். 555 பேர் ஒன்றுசேர்ந்து தொடுத்த வழக்கில், அம்முறையிற் பிழைகள் இருந்தன என்றும் அவை கணக்கில் பற்றாக்குறையை உண்டாக்கக்கூடியவை என்றும் 2019ஆம் ஆண்டு டிசெம்பரில் மேல்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021ஆம் ஆண்டு ஏப்ரிலில் 39 பேரின் தண்டனைகள் நீக்கப்பட்டன. எஞ்சியோரிற் பெரும்பாலாரின் குற்றத்தீர்ப்புகளை நீக்குவதற்கு 2024ஆம் ஆண்டில் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

பொறியிற் பிழை நேர்வது வியப்பன்று. லியோவும் பிழை செய்தது. வேறுபாடு யாதெனில், லியோவை ஆக்கியோர் அது பிழை செய்யும் என்று எதிர்பார்த்தே அதனை நடத்தினர். பிற்காலத்தவரோ, பிழை செய்வது மனிதன் மாத்திரமே என்று நம்பினர். இலண்டன் தேநீர்ச்சாலைப் பெண்மணி தொலைபேசியில் கூறிய சொல்லைக் கேட்டு எழுதுவதற்கு மறுமுனையில் ஒரு மனிதச் செவி இருந்தது. உப தபாலதிபரின் சொல்லுக்கு அது கிடைக்கவில்லை.

இந்நாளிலோ கடிதத்தையும் விரிதாளையும் முன்வைப்பையும் ஒரு சொற்கேட்டு ஒரு நொடியில் ஆக்கித் தரும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றை வேண்டாம் என்பது அறிவுடைமையாகாது. எட்டு நிமிட வேலைக்கு எவரும் திரும்பப் போவதில்லை. ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் முதுமொழி திரையிலே தோன்றும் சுரைக்காய்க்கும் பொருந்தும். மேலிருந்து கூட்டிய தொகையைக் கீழிருந்தும் கூட்டிப் பார்த்த பழைய லிகிதரின் பேனா அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அவருடைய வழக்கம் கந்தோரிலேயே இருக்க வேண்டும்.