செருப்புத் தைப்பவரும் எஜமானும்



கொரிந்து பட்டணத்தில் பவுலின்மீது கொண்டுவரப்பட்ட வழக்கை விசாரிக்க மறுத்த அதிபதி கல்லியோனை அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். அவருடைய தம்பியே ரோமாபுரியின் தத்துவ ஞானி செனெக்கா.

ரோமர் அதிர்ஷ்டத்தை ஒரு தேவதையாக வணங்கினர். அவள் சிலையின் ஒரு கையில் கப்பலின் சுக்கான். மறு கையில் கனிகள் நிறைந்த கொம்பு. செனெக்கா அந்த இரு கைகளையும் அறிந்தவர். கி.பி. 41இல் கிலவுதியு ராயன் அவரைக் கோர்சிகா தீவுக்கு நாடுகடத்தினான். 49இல் திரும்ப அழைக்கப்பட்டு, சிறுவன் நீரோவுக்கு ஆசிரியரானார். 54இல் நீரோ அரியணை ஏறியபின், அவனுடைய ஆலோசகராகப் பெருஞ்செல்வம் சேர்த்தார்.

அதிர்ஷ்டம் தந்தவை யாவும் இரவல் என்று அவர் எழுதினார். அடிமையும் மனிதனே, ஆசைக்கும் பணத்துக்கும் அச்சத்துக்கும் அடிமைப்படாத எஜமான் எங்கே என்று கேட்டார். ஆயினும் அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். இந்த முரண்பாட்டை உலகம் இன்றும் சுட்டிக்காட்டுகிறது. அவரோ, தாம் வைத்தியர் அல்ல, அதே நோயில் படுத்திருக்கும் மற்றொரு நோயாளி என்று ஒத்துக்கொண்டார். 62இல் தம் செல்வத்தைத் திருப்பித் தர முன்வந்தார், நீரோ ஏற்கவில்லை. 65இல் அதே மாணவனின் கட்டளையால் உயிர்விட்டார்.

செனெக்கா எழுதியதை அடிமையாகவே வாழ்ந்து கற்றவர் எபிக்தேத்தஸ். கொலோசெயர் நிருபம் குறிப்பிடும் எராப்போலி ஊரில் பிறந்தவர். நீரோவின் அதிகாரியான எப்பாப்பிரோதீத்து என்பவனின் வீட்டில் அடிமையாயிருந்தார். (பிலிப்பியர் நிருபத்தில் வரும் எப்பாப்பிரோதீத்து வேறு.) பின்பு விடுதலை பெற்று, தொமீத்தியான் தத்துவ ஞானிகளைத் துரத்தியபோது, கிரேக்க நாட்டு நிக்கொப்போலியில் பள்ளி நடத்தினார். உடலும் உடைமையும் பதவியும் நம் கையில் இல்லை; நம் தீர்மானமும் விருப்பமும் மாத்திரமே நம்முடையவை என்பதே அவர் போதனையின் சாரம்.

தம் பழைய எஜமானைப்பற்றி அவர் ஒரு நிகழ்ச்சி சொல்வதுண்டு. செருப்புத் தைக்கும் பெலிசியோ என்னும் அடிமையை, உதவாதவன் என்று எஜமான் விற்றுவிட்டான். இராயனின் வீட்டார் ஒருவர் அவனை வாங்கினார். அவன் இராயனுக்கே செருப்புத் தைப்பவனானான். அன்றுமுதல் பழைய எஜமான் அவனை வணங்கி நலம் விசாரித்தான். அவனோடு ஆலோசனையும் செய்தான்! பெலிசியோவின் கையிலிருந்த ஊசியும் தோலும் மாறவில்லை. அவன் உட்கார்ந்த இடம் மாத்திரம் மாறிற்று.

பிரியமானவர்களே, இவ்விருவரில் அடிமை யார்?

நேற்று நாம் கண்டும் காணாமல் கடந்துபோன ஒருவர் நாளை உயர்ந்த நாற்காலியில் அமர்ந்தால், நம் வணக்கம் மாறுமா? மாறுமானால், நம் கழுத்திலும் ஒரு கண்ணுக்குத் தெரியாத சங்கிலி உண்டு. அந்த நூற்றாண்டிலேயே, காவலில் கட்டுண்டிருந்த பவுல், ஓடிப்போன ஒநேசிமுவை அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி பிலேமோனுக்கு எழுதினார். சகோதரனைக் காண்கிற கண்ணுக்கு அவன் இருக்கை தெரிவதில்லை. இந்த வாரம் அந்தக் கண்களைக் கேட்டு ஜெபிப்போம்.