காலனி என்றால் எந்தக் காலனி? நெல்லையில் ‘நல்ல ஏரியா’ உருவான கதை

நெல்லையில் வீடு தேடி அலைந்த தோழர்களுக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர், கே.டி.சி. நகர் என்று புரோக்கர் பெயர்களை அடுக்குவார். “நல்ல ஏரியா சார், ஸ்கூல் பக்கத்துல, பார்க் இருக்கு, ராத்திரி எத்தன மணிக்கும் பயமில்லாம வரலாம்.” அடுத்து வருவது, “சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு?” தெருவைச் சொன்னதும், அதுவரை காலியாக இருந்த வீட்டுக்கு நேற்றே அட்வான்ஸ் வாங்கியாகிவிடும்.

பள்ளி, பூங்கா, பாதுகாப்பு ஆகிய மூன்றும்தான் ஒரு பகுதியை நல்லது என்று சொல்லும் அளவுகோல். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிள்ளை நல்ல பள்ளியில் படிக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? ஆனால் இந்த மூன்றும் தாமிரபரணிக் கரையில் யாருக்கு, எப்போது, எப்படிக் கிடைத்தன என்று பார்த்தால்தான் புரோக்கரின் கடைசிக் கேள்வி ஏன் வருகிறது என்று புரியும்.

இந்த ஆற்றுப் படுகை பழைய நன்செய். பாபநாசத்துக்குக் கீழே அணைக்கட்டுகளும் கால்வாய்களும் பாய்ந்த இடமெல்லாம் அக்கிரகாரங்களும் வெள்ளாளர் தெருக்களும் எழுந்தன. வயலில் இறங்கி உழைத்தவர்கள் பெரும்பாலும் பள்ளர்கள். 1985இல் வெளிவந்த டேவிட் லட்டனின் நெல்லை வேளாண் வரலாறு இந்த அமைப்பை விரிவாகப் பேசுகிறது. நிலமும் நீரும் எவர் கையில் இருந்தனவோ அவர்களுக்கு மேட்டிலும் படித்துறைக்குப் பக்கத்திலும் வீடு; உழைத்தவர்களுக்கு வயல் ஓரத்துச் சேரி. இது நெல்லைக்கு மட்டும் உரியதும் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊரின் நிலக்கணக்கைச் சொல்லும்போதே ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்று தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். இன்றைய லேஅவுட் வரைபடம் புதுசு, கோடு பழசு.

அந்தக் கோட்டை யாராவது தாண்டினால் என்ன நடந்தது? 1858 டிசம்பரில் திருநெல்வேலி நகரில், கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்ட கிறித்தவர் ஒருவரின் சடலத்தை ஆதிக்க சாதியார் தெரு வழியாக எடுத்துச் செல்வதில் தகராறு மூண்டது. கலவரமாகி, துருப்புகள் சுட்டு, உயிர்கள் போயின. வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃப்ரைக்கன்பர்க் இதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். விக்டோரியா ராணியின் அறிக்கை வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ரோடு பொதுவா, தெருக்காரர்களின் சொத்தா என்பதுதான் சண்டை. பொது ரோடு, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்று சென்னை சட்டமன்றத்தில் ஆர். வீரையன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி பள்ளிக்கு வருவோம். பாளையங்கோட்டையை ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு பாதுகாப்புக் கதை இருக்கிறது. மதம் மாறிய ஏழை மக்கள் ஊரில் அடிவாங்கினார்கள், வீடுகள் கொளுத்தப்பட்டன. அவர்கள் ஒதுங்கி வாழ்வதற்காகவே நிலம் வாங்கித் தனிக் கிராமங்கள் அமைக்கப்பட்டன. முதலாவது 1799இல் உருவான முதலூர். 1820இல் பாளையங்கோட்டை வந்த ரேனியஸ் காலத்தில் அப்படிப் பல ஊர்கள் எழுந்தன. டோனாவூர் அவற்றில் ஒன்று. ஒரு கோவில், ஒரு கிணறு, ஒரு பள்ளிக்கூடம், நேர்கோட்டில் தெருக்கள். பள்ளியையும் பாதுகாப்பையும் பார்த்து மக்கள் குடியேறிய இடங்கள் என்றால் இந்த மாவட்டத்தில் இவைதான் முன்னோடி. அங்கே போனவர்களில் மிகப் பெரும்பான்மை நாடார்கள். அவர்கள் ஒரு நூற்றாண்டில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நம்மவர்களும் போனார்கள், எண்ணிக்கை குறைவு. சபைக்குள்ளும் சாதி பின்னாலேயே வந்தது. ஆனாலும் ஒரு பள்ளிக்கூடமும் அடிபடாமல் தூங்க ஓர் இடமும் சேர்ந்து கிடைத்தால் ஒரு சமூகம் எவ்வளவு வேகமாக எழும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்த மண்ணில் இல்லை.

தேசியவாதிகளும் பள்ளி நடத்தினார்கள். வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலம் இதே ஆற்றங்கரையில்தான் இருந்தது. காங்கிரஸ் பணம் கொடுத்த அந்தப் பள்ளியில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள், 1925இல் அது தமிழ்நாடு முழுக்க எரிந்தது. அந்தப் போராட்டத்தை நாம் மதிக்கிறோம். கூடவே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: சண்டை பிராமணர், பிராமணரல்லாதார் பந்தியைப் பற்றியது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வயலில் நின்ற பிள்ளை எந்தப் பந்தியில் உட்காரும் என்பது அந்த விவாதத்தின் மையத்தில் இல்லை. நம் பிள்ளைகளுக்கு அரசு திறந்தவை 1920களின் லேபர் பள்ளிகள். அவைதான் ஹரிஜன நலப் பள்ளிகளாகி இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக நிற்கின்றன. வாத்தியார் பற்றாக்குறை, ஒழுகும் கூரை பற்றி நாம் எழுதி எழுதிக் கை வலித்துவிட்டது, இங்கே வேண்டாம்.

இப்போது ‘காலனி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு விதமான காலனிகள் வந்தன. ஒன்று பாளையங்கோட்டையின் தெற்கே விரிந்த அரசு ஊழியர், ஆசிரியர், வங்கி ஊழியர் குடியிருப்புகள். என்.ஜி.ஓ. காலனி என்றால் மரியாதை. கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாம். மற்றொன்று, ஊருக்கு வெளியே அரசு மனை கொடுத்துக் கட்டிய ஆதிதிராவிடர் காலனி. இதற்கென்று 1978இல் நில எடுப்புச் சட்டமே வந்தது. சட்டம் நல்லதுதான், குடியிருக்க மனை இல்லாதவனுக்கு மனை கிடைத்தது. ஆனால் எந்த நிலத்தை எடுத்தார்கள்? பெரும்பாலும் சேரியை ஒட்டிய பள்ளத்தையோ சுடுகாட்டுப் பக்கத்தையோதான். ஊருக்குள் ஒரு மனையை எடுத்துக் கொடுத்த தாசில்தாரை நாங்கள் பார்த்ததில்லை. பழைய சேரிக்கு சிமெண்ட் பூசி அரசு முத்திரை குத்தியதுபோல ஆயிற்று. ஒரே சொல், ஓரிடத்தில் அந்தஸ்து, இன்னோரிடத்தில் வசவு. 2025 ஏப்ரலில் அரசுப் பதிவுகளிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, எந்தக் காலனியைச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

கலந்து வாழவைக்கும் முயற்சி நடக்கவே இல்லையா என்றால், நடந்தது. தென்மாவட்டக் கலவரங்களின் சூட்டில் 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் திட்டத்தில் நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, பத்து மற்றவர்களுக்கு. குறைகள் உண்டு. ஆனால் அது முழுக்க ஏழைகளுக்கான திட்டமாகவே இருந்தது என்பதுதான் எங்கள் பெரிய ஆட்சேபம். பெருமாள்புரத்துக்கு அப்படி ஒரு விகிதாச்சாரம் வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. சமத்துவத்தைப் பழகும் வேலையும் குடிசைக்காரன் தலையில்தான்.

பூங்கா என்றால் நெல்லைப் பிள்ளைகளுக்கு கொக்கிரகுளம் நினைவுக்கு வரும். அங்கே மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, ஸ்கூல் பஸ்கள் வரிசையாக நிற்கும். அதே கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தை ஒட்டிய ஆற்றில்தான் 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள் போலீஸ் தடியடியில் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். பெண்களும் ஒரு சிறு குழந்தையும் அதில் உண்டு. கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு வந்தவர்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறோம். போலீஸ் ரோந்து வரும் ஏரியா பாதுகாப்பானது என்று சொல்லும்போது, யாருக்கு என்று கேட்க நமக்குக் காரணம் இருக்கிறது.

பள்ளியும் பாதுகாப்பும் நமக்கு எப்படிக் கிடைக்கின்றன என்பதற்கு அண்மை வரலாறே போதும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன், உடன் படித்த மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுத்த தங்கைக்கும் வெட்டு. நல்ல பள்ளி என்று நம்பி வெளியூருக்கு அனுப்பிய இடத்தில் தொடங்கிய தொல்லை அது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் நம்மவர் ஒருவர், சென்னையில் வேலை பார்த்த 27 வயது ஐ.டி. பொறியாளர், ஆதிக்க சாதிப் பெண்ணைக் காதலித்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். நடந்த இடம் கே.டி.சி. நகர். மேலே புரோக்கர் சொன்ன பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது.

வெளிநாட்டிலும் இதே வித்தைதான். 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களை நான்கு நிறத்தில் தரம் பிரித்தது. கறுப்பர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு, அங்கே கடன் கிடைப்பது அரிது. பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால் வீட்டு மதிப்பு விழுந்தால் பள்ளியும் விழும். பிறகு, ‘அங்கே ஸ்கூல் சரியில்லை, அதனால்தான் போகவில்லை’ என்று நல்ல பிள்ளையாகச் சொல்லலாம். நிறத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். 1968இல்தான் அங்கே வீட்டுப் பாகுபாட்டுக்கு எதிராகத் தேசியச் சட்டம் வந்தது.

நம்மிடம் அதற்கு முன்பே சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடை போடுவதைக் குற்றம் என்கிறது. இன்னொரு பக்கம், 2005இல் உச்ச நீதிமன்றம் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் தன் சமூகத்தாரை மட்டும் உறுப்பினராக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க நினைக்கும் சங்கங்கள் நாளை இங்கும் வரும். 4ஆவது பிரிவில் வீட்டு உரிமையாளர் மீது வழக்குப் பதிய ஸ்டேஷனுக்குப் போகும் நம்மவர்கள் மிகக் குறைவு. ‘வாடகைக்கு விடவில்லை’ என்பதைச் சாட்சியோடு நிறுவுவது கஷ்டம் என்பதால்தான். புரோக்கரின் போன் பேச்சு, ‘அட்வான்ஸ் வாங்கியாச்சு’ என்று சொன்ன தேதி, அதற்குப் பிறகும் தொங்கிய டு-லெட் போர்டின் படம், அதே வீட்டுக்குப் போன வேறு சாதித் தோழரிடம் சொன்ன வாடகை. இவற்றை ஒரு நோட்டில் வரிசையாகக் குறித்து வையுங்கள், வக்கீலிடம் போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.